முந்திச் சொன்ன நன்றி

எங்கள் ஊர்க்காரர்கள் நன்றி சொல்லியே காரியத்தைக் கெடுப்பார்கள். கடையில் கதவைப் பிடித்தவனுக்கு நன்றி, காலை மிதித்தவனிடம் மன்னிப்பு, அபராதச் சீட்டு எழுதித் தரும் போலீஸ்காரருக்கும் நன்றி. இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். போன பிப்ரவரியில் இந்தப் பழக்கம் எங்கள் கர்லிங் மன்றத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

நான் க்ளைடு. போர்ட் அலிஸ்டர் வானொலியில் நிகழ்ச்சி நடத்துகிறவன். நகரமன்றத்தில் யார் யாரைக் கடித்தார்கள், ஐஸ் ஹாக்கியில் யார் யாரை இடித்தார்கள், எந்தத் தெருவில் இன்னும் பனி அள்ளவில்லை, எல்லாம் என் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போகும். வியாழக்கிழமை மாலை மட்டும் வாயை மூடிக்கொண்டு, உறைபனித் தரையில் கனத்த கல்லைச் சறுக்கிவிடும் கர்லிங் ஆடப் போவேன். மூடிக்கொண்டு என்பது நான் சொல்வது. என் அணிக்காரர்களைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள்.

மன்றம் எங்களுடையது, கட்டடம் நகராட்சியுடையது. வசந்தத்தில் குத்தகை முடிகிறது. அதை இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டுவதா, அல்லது எங்களைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தை ஹாக்கிப் பயிற்சிக் களமாக்குவதா என்று நகரமன்றம் முடிவெடுக்க வேண்டும். ஹாக்கிப் பெற்றோர்கள் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஊருக்கு இருப்பது ஒரே ஒரு ஹாக்கி அரங்கம். பையன்களும் பெரியவர்களும் நல்ல நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டபின் பெண் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது காலை ஐந்து மணி. வெளியே மைனஸ் முப்பது குளிரில் எந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு எழுந்து வரும்?

ஆனால் நியாயம் இருக்கிறதென்பதற்காக என் மன்றத்தைத் தூக்கிக் கொடுக்க முடியுமா? என் மனைவி போனபின் நான் சமைத்துச் சாப்பிட்டதைவிட அங்கே சாப்பிட்டதுதான் அதிகம். அந்த இடம் மூடினால் வியாழக்கிழமை மட்டுமல்ல, மற்ற நாட்களிலும் எனக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது. சும்மா சொல்லவில்லை, அந்த நினைப்பே எனக்குப் பயமாக இருந்தது.

மேயரோடு சேர்த்து நகரமன்றத்தில் ஏழு பேர். எங்கள் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் மூன்று. எங்கள் நான்காவது ஆள் மேவிஸ். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், இரண்டாம் முறையாக நகரமன்ற உறுப்பினர். அதற்கெல்லாம் முன்னாலிருந்தே என் அணியில் ஆடுகிறவள். கல்லுக்கு முன்னால் ஓடிக்கொண்டே துடைப்பத்தால் பனியைத் தேய்த்து அதை இன்னும் தூரம் போகச் செய்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அந்தப் பக்கத்துக்குத் தலைவன் ரவுனோ. குழாய் வேலை செய்கிறவன், பேச்சு சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அவனும் ஒரு காலத்தில் எங்கள் மன்றத்தில் எதிரணித் தலைவனாக ஆடியவன்தான். முட்டி போனபின் விட்டுவிட்டான். இப்போது அவன் உலகமே அவன் மகள் ஐலா. பதினைந்து வயது, பெண்கள் ஹாக்கி அணியின் கோல் காவலாளி.

நாலுக்கு மூன்று, காரியம் முடிந்த மாதிரிதான் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். எங்கள் மன்றத் தலைவர் வெண்டலால் மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. பல் டாக்டர், தங்கமான மனிதர், பல்லைப் பிடுங்குவதற்கு முன்னாலேயே மன்னிப்புக் கேட்பார். குளிர்கால விருந்தில் மேவிஸை மேடைக்குக் கூப்பிட்டு, மன்றத்துக்கு அவள் செய்ததற்கெல்லாம் நன்றி என்று சொல்லி, ஆயுள் உறுப்பினர் என்று எழுதிய மரப் பலகை ஒன்றைக் கையில் கொடுத்தார். இனி உயிருள்ள வரை சந்தா கிடையாது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். மேவிஸ் முகம் சிவந்துபோய்ப் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வாக்கெடுப்பு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை நான் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"க்ளைடு, திங்கக்கிழமை நான் ஓட்டுப் போட மாட்டேன்."

"ஏன், ஊருக்குப் போறியா?"

"இல்லப்பா. வெண்டல் குடுத்தாரே அந்தப் பலகை, அதுல காசு இருக்கு. மன்றம் இருந்தா என் சந்தா மிச்சம், மூடினா ஒண்ணும் இல்ல. எனக்கு லாபம் வர்ற விஷயத்துல நான் ஓட்டுப் போடக் கூடாது. சட்டம் அப்படித்தான்."

"யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. நானாத்தான் நகரமன்றச் செயலாளர்கிட்ட போய்க் கேட்டேன்."

"கேக்கச் சொல்லி உன்னை யாரு அழுதா?" என்றேன். கயிறு என் கையிலேயே நின்றுவிட்டது. "சரி, கேட்டது கேட்டுட்ட. பலகையைத் தூக்கி வெண்டல்கிட்டயே குடுத்துடு. முடிஞ்சுது விஷயம்."

"திங்கக்கிழமை குடுத்துட்டு செவ்வாய்க்கிழமை திரும்ப வாங்கிக்கறதுக்கா? ஊரு சிரிக்கும். நானே சிரிப்பேன்."

"அந்தச் சந்தா என்ன பெரிய சொத்தா? அதுல நல்லதா ஒரு பூட்ஸ்கூட வாங்க முடியாது."

"முடியாதுதான். லேசாத் தொட்டா தொடலன்னு ஆயிடுமா? உனக்கு நான் சொல்லணுமா?"

எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஆட்டத்தில் நடுவர் கிடையாது. ஓடுகிற கல்லில் உங்கள் துடைப்பம் ஒரு நூல் அளவு பட்டால்கூட, யாருமே பார்க்காவிட்டாலும், நீங்களேதான் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் அந்தக் கல்லை என்ன செய்வது என்பது எதிரணித் தலைவர் கையில். எடுத்துவிடலாம், இருக்கட்டும் என்று விட்டும்விடலாம். சில வருஷங்களுக்கு முன்னால், கோப்பைக்கான கடைசி ஆட்டத்தின் கடைசிக் கல்லில் மேவிஸ் கையைத் தூக்கினாள். அவள் துடைப்பம் பட்டதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. எதிரணித் தலைவன் ரவுனோ. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கல்லை எடுத்தான், கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனான். அவன் செய்தது சரிதான், அவனுக்கு அந்த உரிமை இருந்தது. எனக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

"அன்னைக்குப் போனது ஒரு தகர டம்ளர்," என்றேன். "இன்னைக்குப் போறது மன்றம். உன் நேர்மையை வெச்சு ஐஸ் உறைய வைக்க முடியுமா?"

அவள் எழுந்து நின்றாள். "நானும் இங்கதான் ஆடறேன் க்ளைடு. எனக்கு மட்டும் போறதுக்கு வேற இடம் இருக்கா?"

நான் குனிந்து ஷூ கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டேன்.

விஷயம் மன்றம் முழுக்கப் பரவியது. வெண்டல் வெளுத்துப்போய் மேசை மேசையாக வந்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார், சமையல்காரம்மாளிடம்கூட. மேவிஸை யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. எங்கள் ஊரில் கோபம் வந்தால் காபி ஊற்றித் தருவார்கள், பால் வேண்டுமா என்று மட்டும் கேட்க மாட்டார்கள். அன்று மாலை அவளுக்கு மூன்று பேர் காபி கொண்டுவந்து வைத்தார்கள். ஒருவரும் அவள் மேசையில் உட்காரவில்லை. நான் போய் உட்கார்ந்தேன், ஆனால் பேசவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் எரிச்சல் இருந்தது.

திங்கட்கிழமை மாலை நகரமன்றத்தில் உட்கார இடமில்லை. இடது பக்கம் மன்றத்துச் சட்டை போட்ட எங்கள் ஆட்கள். வலது பக்கம் ஹாக்கிச் சட்டை போட்ட அப்பா அம்மாக்கள், பிள்ளைகள். வானொலிக்காக நான் மூலையில் ஒலிவாங்கியோடு உட்கார்ந்து, நடப்பதை நடக்க நடக்கக் குசுகுசுவென்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேயர் எங்கள் விஷயத்தை எடுத்ததும் மேவிஸ் எழுந்தாள். "இதில் எனக்குப் பண லாபம் இருக்கிறது. நான் விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளவில்லை," என்று தாளைப் பார்க்காமல் சொன்னாள். நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், நடையில் இருந்த பெஞ்சில் அவள் உட்காருவது எனக்குத் தெரிந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். வெண்டல் தனக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை நேரம் கொடுத்ததற்கு நன்றி சொல்லியே தீர்த்தார். கடைசியில் ஐலா வந்தாள். குட்டி உடம்பு, பெரிய சட்டை.

"நாங்க காலையில அஞ்சு மணிக்கு ஆடறோம்," என்றாள். "எட்டரைக்கு எனக்குக் கணக்கு வகுப்பு. நான் தூங்கிடறேன். டீச்சர் எழுப்பறதைக்கூட விட்டுட்டாங்க. கர்லிங் ஆடறவங்க மேல எங்களுக்குக் கோபம் இல்ல. எங்களுக்கு முழிச்சிருக்கற நேரத்துல ஆடணும், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பெண் அழுதிருந்தால், கத்தியிருந்தால், எனக்கு வசதியாக இருந்திருக்கும். நியாயத்தை இப்படிப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தால் மனிதன் என்னதான் செய்வது?

மேயர் வாக்கெடுப்புக்குத் தயாரானார். நான் நேயர்களுக்குக் கணக்குச் சொன்னேன். குத்தகையை நீட்ட மூன்று பேர், வேண்டாம் என்று மூன்று பேர். சமமாக வந்தால் தீர்மானம் தோற்றுவிடும். "ஆக, இத்தோட..." என்று ஆரம்பித்தேன். வாக்கியம் முடியவில்லை. இருமல் மாதிரிச் சமாளித்தேன். பிறகு வீட்டிலிருந்து கேட்டவர்கள், அது இருமல் இல்லை என்று தெரிந்தது என்றார்கள்.

அப்போது ரவுனோ கையைத் தூக்கினான். "மேயர் அவர்களே, ஒரு வார்த்தை."

அவன் ஒரு வார்த்தைதான் சொல்வான் என்று எல்லோருக்கும் தெரியும். மேயர் தலையாட்டினார்.

"மேவிஸ் வெளிய உக்காந்திருக்காங்க. அவங்களை யாரும் கையும் களவுமாப் பிடிக்கல. அவங்களாவே சொல்லிட்டுப் போனாங்க." நிறுத்தி முட்டியைத் தடவிக்கொண்டான். "கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி அவங்க கையைத் தூக்கினப்ப நான் கல்லை எடுத்துட்டேன். அந்தக் கோப்பை எங்க வீட்டு அலமாரியில இருக்கு. எனக்கு அதைப் பாக்கவே பிடிக்கறதில்ல."

வலது பக்கம் லேசாகச் சலசலத்தது.

"என் பக்கம் நியாயம் இருக்குன்னு இப்பவும் சொல்றேன். என் பக்கம் ஆள் அதிகம் இருந்து ஜெயிச்சா ஜெயிக்கறேன். அவங்க உண்மையைச் சொன்னதால நான் ஜெயிச்சா, அடுத்த தடவை இந்த அவையில எவன் உண்மையைச் சொல்லுவான்?" நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "கல்லு கிடந்த இடத்துலயே கிடக்கட்டும். நான் வெளிய போறேன்."

நொண்டிக்கொண்டே நடந்து போனான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேவிஸ் நிமிர்ந்து பார்ப்பதும், எழுந்து நின்று கையை ஆட்டி ஏதோ திட்டுவதும், அவன் பெஞ்சில் உட்காருவதும் தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று பிற்பாடு மேவிஸ் சொன்னாள்.

"உள்ள போடா. உனக்கு ஓட்டுப் போட்டவங்க உன் தோலை உரிச்சிடுவாங்க."

"உரிக்கட்டும். உக்காரு, முட்டி வலிக்குது. உன்னை அண்ணாந்து பாத்தா கழுத்தும் வலிக்குது."

உள்ளே மூன்றுக்கு இரண்டு. குத்தகை பத்து வருஷத்துக்கு நீண்டது. நான் ஒலிவாங்கியில் அதைச் சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன். எங்கள் பக்கம் யாரும் கைதட்டவில்லை, தட்ட முடியவில்லை. வலது பக்கம் ஓர் அப்பா எழுந்து, இதற்காகவா உங்களைத் தேர்ந்தெடுத்தோம் என்று கதவைப் பார்த்துக் கத்தினார். ஐலா சட்டைக் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு தரையையே பார்த்திருந்தாள். எங்கள் மன்றம் பிழைத்த அந்த நிமிஷத்தில் நான் பார்த்தது அந்தப் பெண்ணின் தலையைத்தான், அதனால் சந்தோஷம்கூட எனக்கு ஒழுங்காக வரவில்லை.

எங்கள் ஆட்டத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. ஜெயித்தவர்கள்தான் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கித் தர வேண்டும். ஆட்டம் எவ்வளவு கசப்பாக முடிந்தாலும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். வெண்டல் பனியில் ஓடிப்போய் ரவுனோவையும் ஐலாவையும் வழிமறித்து மன்றத்துக்குக் கூட்டிவந்தார். நானும் ஒலிவாங்கியைச் சுருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

மேவிஸ் மேசையில் அன்று நாற்காலி போதவில்லை. வியாழக்கிழமை பால் வேண்டுமா என்று கேட்காதவர்கள் எல்லாம் இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "தள்ளி உக்காருங்க, மூச்சு முட்டுது," என்று அவள் சலித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சலித்துக்கொண்டாள்.

ரவுனோ ஒரு பீர் வாங்கிக்கொண்டான். வெண்டல் ஐலா பக்கம் குனிந்தார். "உனக்கு என்னம்மா வேணும்? எது வேணும்னாலும் கேளு."

அவருக்கு ஓர் எலுமிச்சைச் சோடா எண்ணம்தான் இருந்திருக்கும்.

"எது வேணும்னாலுமா?" என்றாள் ஐலா.

"எது வேணும்னாலும்."

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணி வேணும். ஹாக்கி அரங்கத்துல."

மேவிஸ் தன் குவளையை மெல்லக் கீழே வைத்தாள். வெண்டல் ஒன்றும் புரியாமல் சுற்றிலும் பார்த்தார். "அது யாரோட நேரம்?"

மேசையில் பாதிப் பேர் என்னைப் பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணி எங்களுடையது. ஐம்பது வயது தாண்டிய ஆண்கள் ஹாக்கி, மூத்த புலிகள் என்று பெயர். ஆட்டத்தில் பாதி நேரம் மூச்சு வாங்குவதிலும் மீதி நேரம் முதுகைப் பிடித்துக்கொள்வதிலும் போகும். அந்த நேரம் என் பெயரில்தான் பதிவாகி இருக்கிறது. மற்ற புலிகளில் பாதிப் பேர் அதே மேசையில் உட்கார்ந்து அப்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாங்க எத்தனையோ வருஷமா அந்த நேரத்துல ஆடிட்டு வர்றோம்மா," என்றேன்.

"அதனாலதான் எங்களுக்குக் கிடைக்கல," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

"எங்களுக்கெல்லாம் வயசாயிடுச்சு. டாக்டர் உடற்பயிற்சி பண்ணச் சொல்றாரு."

"ஏழு மணிக்குத்தான் பண்ணணும்னு சொன்னாரா?"

ரவுனோ பீருக்குள் சிரித்தான். நான் மேவிஸைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக என் பக்கத்திலேயே நின்று ஆடியவள், ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவாள் என்று பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்கற?" என்றாள் மேவிஸ். "இதுல எனக்கு ஒரு லாபமும் இல்ல. அதனால தைரியமாச் சொல்றேன். குடுத்துடு."

வாதம் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தேடினேன். பத்து வருஷத்துக்கு எங்கள் பனியைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு இந்தப் பெண்ணின் அப்பன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான், அதற்கு விலையாக நாளைக்கும் இவள்தான் இருட்டில் எழப் போகிறாள். அரங்கத்து ஆபீஸுக்கு நான் ஒரு போன் போட்டால் போதும்.

"அப்ப நாங்க எப்ப ஆடறது?" என்று கேட்டேன். பரிதாபமாகத்தான் கேட்டேன்.

"காலையில அஞ்சு மணி காலியாகுதே," என்றாள் ஐலா.

மேசையே குலுங்கியது. மேவிஸ் சிரித்துச் சிரித்து ரவுனோவின் தோளில் அடித்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த புலிகளும் வேறு வழியில்லாமல் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"சரி, எடுத்துக்கோம்மா," என்றேன்.

அவள் அப்பாவின் பக்கம் திரும்பி, அப்பா, கேட்டீங்களா என்பது போல் பார்த்தாள். அவன் அவள் தலையில் கையை வைத்தான். அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

பிறகு அவள் மறுபடி என் பக்கம் திரும்பினாள். "எப்பலேர்ந்து?"

"வர்ற செவ்வாய்க்கிழமையிலேர்ந்து," என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டுக் குவளையைக் கையில் எடுத்தேன்.

"அது நாளைக்கு," என்றாள்.

காலை ஐந்து மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பாதி பீரை அப்படியே வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுக்க எழுந்தேன்.